விளக்கு அணையாத ஆறு நாள்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அஞ்சாங்கிளாஸோடு படிப்பு நின்றது. பேசியும் பழக்கம் இல்லை. தென்காசியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அது தெரியும். வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்வதற்குக்கூடப் பக்கத்தில் இருப்பவள் என்னை இடிக்க வேண்டும். இடித்தவர்களில் யாராவது இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதை வாசித்தால், உனக்காகத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

போன வாரம் என் மகன் கொல்லத்துக்குப் போகக் காரை எடுத்தான். முன்னால் சிவப்பாக ஒரு சின்னப் படம் எரிந்தது. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவோமே, மூக்கு நீண்ட கேன், அதே உருவம். "ஆயில் பிரஷர் கம்மின்னு காட்டுதும்மா. எடுக்கக் கூடாது" என்று சொல்லி அணைத்துவிட்டு, போனில் யாரையோ கூப்பிட்டான். பயணம் மறுநாளைக்குப் போயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் அந்தப் படம் எரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சுகர் மாத்திரை போட்டீங்களா அத்தை?" என்று மருமகள் கேட்டாள். போட்டேன் என்றேன். வேறு என்ன சொல்ல.

இதே மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எங்கள் வீட்டுக் காரில் எரிந்தபோது எனக்குப் பத்து வயது. பெரியப்பாவும் எங்கள் அப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியப்பாவுக்கு அரிசி மண்டி. எங்கள் அப்பா அந்த மண்டியில் மூட்டை எடை பார்ப்பார். பெரியப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டார். தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் கார் இருந்தது. பாசிப்பயறுக் கலரில் ஒரு அம்பாசிடர். பின் கண்ணாடிக்குப் பூப்போட்ட திரை. உள்ளே ஏறினால் ரெக்சின் சீட்டும் பெட்ரோலும் பெரியப்பாவின் வெற்றிலையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனையை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

காரை ஓட்டினவர் ஆய்க்குடிக்காரர். டிரைவர் அண்ணாச்சி என்போம். காலையில் அவர் வண்டியைத் துடைக்கும்போது நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். முன்பலகையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். இன்ஜின் பிடித்ததும் அணையும். இன்ஜினுக்குள் எண்ணெய் ஏறிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அது அணைவதைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. அணைந்ததும் தலையை ஆட்டுவேன். "பாப்பா உத்தரவு குடுத்தாச்சு" என்பார் அண்ணாச்சி.

அந்த வருசம் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. புனலூரில் கொப்பரை வியாபாரம் செய்கிற ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. சித்திரை மாதம் ஒருநாள் தனியாகக் கிளம்பி, புளியறை வரைக்கும் எப்படியோ வந்து, செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு லாரிக்காரர் மண்டியில் வந்து சொன்னார். டிரைவர் அண்ணாச்சி போய்க் கூட்டிவந்தார்.

வந்தவளிடம் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மாமியாரோடு சண்டை என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். அத்தை சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் வாய்க்காரி. அதனால் அது பொருத்தமாகவும் இருந்தது. அந்த வெயிலில் முழங்கை வரைக்கும் கை வைத்த ஜாக்கெட் போட்டிருந்தாள். "மலையாளத்துல போயி நாகரிகம் படிச்சுட்டு வந்திருக்கா" என்றாள் பெரியம்மா. டிரைவர் அண்ணாச்சி ஒருநாள் மண்டி வாசலில் நின்று பெரியப்பாவிடம் மெதுவாக என்னவோ சொன்னார். "நீரு ஓட்டுத வேலையைப் பாரும்" என்று பெரியப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன். என்னை யாரும் கண்டுகொள்வதில்லை. பேசாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று நினைப்பு.

ஆனி மாதம் சாரல் பிடித்தது. ஆடி பிறந்துவிட்டால் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். அதற்குள் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று பெரியப்பா நாள் பார்த்தார். காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் நல்ல நேரம். பெரியம்மா இரண்டு தகர டின் நிறைய முறுக்கு சுட்டாள். அத்தையின் இரும்புப் பெட்டி டிக்கியில் ஏறியது. அத்தை வலது காலை எடுத்து வைத்து வாசலைத் தாண்டினாள். முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது.

அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. இன்ஜின் பிடித்தது. விளக்கு அணையவில்லை. முன் சீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். உடனே இன்ஜினை நிறுத்தினார்.

"என்ன வே?" என்றார் பெரியப்பா.

"ஆயில் விளக்கு அணைய மாட்டேங்கு மொதலாளி."

"எண்ணெய் ஊத்தலையா?"

அண்ணாச்சி பானெட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துக் காட்டினார். "எண்ணெய் அளவாத்தான் இருக்கு. மேல ஏறலைன்னு காட்டுது. ஏறாம ஓட்டினா உள்ள காஞ்சு இன்ஜின் இறுகிப்போயிரும். ஆரியங்காவு ஏத்தத்துல நடுவழியில நிக்கணும்."

"கடுகளவு விளக்கு எரியுதுன்னு நல்ல நேரத்தை விடச் சொல்லுதீரா?"

"நீங்க எடுக்கச் சொன்னா எடுக்கேன். பொறவு வண்டி இருக்காது."

பக்கத்து வீட்டு மாமா பல் குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார். "பகல்ல எரியுத விளக்குக்கா வே பயப்படுதீரு? அணையலைன்னா வாயால ஊதிப் பாரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அத்தையும் சிரிக்கவில்லை. டாக்சி பிடிக்கலாம் என்றால், சீசன் சமயம், அத்தனையும் குற்றாலத்தில் நிற்கிறது. பஸ்ஸில் போகலாம் என்று அப்பா மெல்லச் சொன்னார். "நம்ம வீட்டுப் பிள்ளையைப் பஸ்ஸுல கொண்டு விட்டா சம்பந்தி வீட்டுல மதிப்பானா?" என்று பெரியப்பா அதை அடக்கிவிட்டார்.

மணி எட்டே முக்கால் ஆகிவிட்டது.

"பரஸ்தானம் வச்சிருவோம்" என்றார் பெரியப்பா.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரியாது, உங்களுக்குத் தெரியும். நல்ல நேரத்துக்குள் ஊருக்குக் கிளம்ப முடியாவிட்டால், போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில் பெட்டியைக் கொண்டு வைத்துவிட்டால் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். புனலூர் மேற்கே. எங்களுக்கு மேற்கே எதிர்வரிசையில் இருந்தது டீச்சரம்மா வீடு. எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்தான். வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போகிறவர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருந்தாள்.

"பெட்டியை வச்சாப் போதுமே, ஆளு எதுக்கு?" என்றாள் பெரியம்மா.

"அவ வாசலைத் தாண்டியாச்சு. திரும்ப உள்ள வந்தா மறுபடி வெளிய போக மாட்டா."

அவர் சொன்னது சகுனத்தையா தங்கையையா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பெட்டியும் முறுக்கு டின்னும் அத்தையும் சாரலில் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனார்கள். கார் சரியானதும் அங்கிருந்தே ஏற வேண்டும். அதுவரை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இருபது அடி தூரத்தில் அத்தை வெளியூருக்குப் போனவள் ஆகிவிட்டாள்.

மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோகிற வேலை எனக்கு. பித்தளைத் தூக்குச்சட்டி. பிடி கையை அறுக்கும். டீச்சர் வீட்டில் சாம்பிராணி வாசனை இருக்காது; புத்தக வாசனையும் காப்பி வாசனையும்தான். முதல் நாள் நான் போனபோது டீச்சர் அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளே, அந்தச் சட்டைக் கையை இழுத்து இழுத்து விடுத?"

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். டீச்சர் இன்னொரு தரம் கேட்கவில்லை. நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் நான் போனபோது இருவரும் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் அத்தை நிறுத்தினாள். "அது நம்ம பிள்ளைதான், நீ சொல்லு" என்றாள் டீச்சர். அத்தை சொன்னாள். புருசன் அவளைக் கொப்பரை மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் போட்டுப் பூட்டினதைச் சொன்னாள். எலி ஓடியதைச் சொன்னாள். முறத்தில் தட்டுகிற கை நிற்கவே இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அத்தை பின்பக்கம் முகம் கழுவும்போது சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. புளியங்கொட்டை அளவில் கறுப்பாக நாலு தழும்பு. என்னைப் பார்த்ததும் இறக்கிவிட்டாள்.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் வந்து, ஆயில் பம்பு போய்விட்டது, மதுரையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். டிரைவர் அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை. பானெட்டைத் திறந்துவைத்து, இன்ஜினை நொடிநேரம் ஓடவிட்டு, குனிந்து எதையோ விரலால் நகர்த்தினார். சீட்டில் இருந்த நான் பார்த்தேன். விளக்கு அணைந்தது. விரலை எடுத்தார். எரிந்தது. நான் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். விளக்குக்குப் போகிற வயர் ஓரிடத்தில் தோல் உரிந்து இன்ஜின் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. வேறு ஒரு குறையும் இல்லை. எண்ணெய் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அண்ணாச்சி இன்ஜினை நிறுத்தினார். ஒரு துண்டு டேப் சுற்றினால் முடிந்தது. டேப் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எதிர்வீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புளியறையில அந்தப் பிள்ளையக் கைகொடுத்துத் தூக்கி வண்டியில ஏத்தினது நான்" என்றார். "கையைப் பிடிச்சதுமே வலியில அலறிட்டா."

வயரை அப்படியே விட்டு பானெட்டை மூடினார். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லவில்லை. நான் சொல்கிற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு தெருவில் அவருக்கு விளக்கு டிரைவர் என்று பெயர் வந்தது. "என்ன வே, அணைஞ்சுதா? இல்ல கார்த்திகை வரைக்கும் எரியுமா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். பெரியப்பா அவரைப் பயந்தாங்கொள்ளி என்றார், வேலை தெரியாதவன் என்றார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்குப் பம்பு வந்துரும் மொதலாளி" என்றே தினமும் சொன்னார்.

ஆறாம் நாள் புனலூரிலிருந்து கடுதாசி வந்தது. ஆனி முடியுமுன் கொண்டுவந்து விடாவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று. பெரியப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தரம் வாசித்தார். அவர் கை ஆடியது. தங்கை வாழாவெட்டி ஆகிவிடுவாள் என்ற பயம். அப்போது எனக்கு அவர் மேல் கோபம்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

சாயங்காலம் டிரைவர் அண்ணாச்சி பானெட்டைத் திறந்தார். டேப்பை எடுத்து வயரில் சுற்றினார்.

"அவர் உப்பைத் தின்னுட்டு எத்தனை நாள் பொய் சொல்ல முடியும் பாப்பா? சரியாயிட்டுன்னு சொல்லிக் கூட்டிட்டு வாரேன்" என்று உள்ளே போனார்.

நான் மட்டும் நின்றேன். வீட்டுக்குள் அவர் பேசுவதும், பெரியப்பா சாவி எங்கே என்று கேட்பதும் காதில் விழுந்தது. எனக்கு ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொல்ல, யாரிடம் சொல்ல. பம்பரின் மேல் ஏறி நின்று, கையை உள்ளே விட்டு, சுற்றின டேப்பை உரித்தேன். இன்ஜின் ஆறித்தான் இருந்தது. வயரைப் பழையபடி இரும்பில் அழுத்தி வைத்துவிட்டு இறங்கினேன். விரலெல்லாம் கறுப்பு. பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பெரியப்பா வந்து அவரே சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"என்ன வே, விளையாடுதீரா?"

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த டேப்பைப் பார்த்தார். நான் நிற்கிற நிலையைப் பார்த்தார். டேப்பைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"எம் மேலதான் தப்பு மொதலாளி. இன்னும் பிடிபடலை."

பெரியப்பா சாவியைப் பிடுங்கி எடுத்தார். "மதிப்பும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம். காலம்பற பஸ்லயே கொண்டு விட்டுருதேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார்.

தடுக்கிறேன் என்று செய்தது, இன்னும் சீக்கிரம் அனுப்புகிற மாதிரி ஆகிவிட்டது. பெரியம்மா தூக்குச்சட்டியைக் கையில் திணித்தாள். பெரியப்பா பின்னாலேயே போனேன்.

ஆறு நாளில் பெரியப்பா அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க அண்ணாச்சி, டீ போடுதேன்."

பெரியப்பா உட்கார்ந்தார். "காலம்பற ஆறு மணி பஸ்ஸு. தயாரா இரு" என்றார் அத்தையிடம்.

அத்தை சுவரில் சாய்ந்து நின்றாள். போக மாட்டேன் என்று சொல்லவில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றி, கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னது இது?"

"பீடி."

பெரியப்பா தொடப் போனார், தொடவில்லை. "எல்லாம் ஒரே நாள்லயா?"

"இல்ல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாசம்."

"மூணு மாசமா நம்ம வீட்டுலதானே இருந்தே. எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே அண்ணே" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவே இல்லை. "எப்பப் போவேன்னுதான் எல்லாரும் கேட்டீங்க."

டீச்சர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை கட்டியது. வெளியே சாரல் ஓட்டில் விழுகிற சத்தம். பெரியப்பா அந்த ஆறின டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். சட்டைப் பையிலிருந்த கடுதாசியை எடுத்து நாலாகக் கிழித்து, போட இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். டீச்சர் வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நீ போயிக் கையைக் கழுவு, சட்டியெல்லாம் கறுப்பாக்குத" என்றாள்.

மறுநாள் காலையில் பெரியம்மா புதிதாக ஒன்றைக் கிளப்பினாள். அத்தையை அனுப்ப வேண்டாம் என்பதில் அவளுக்கு மறுப்பு இல்லை. விஷயம் கேட்டுவிட்டு ராத்திரி சாப்பிடாமல் அழுதவள் அவள்தான். ஆனால், "பரஸ்தானம் வச்சுட்டு, போகாமத் திரும்பினா வீட்டுக்கு ஆகாதே" என்றாள்.

பெரியப்பா மீசையைத் தடவினார். "போகலைன்னு யாரு சொன்னா? குத்தாலமும் மேற்கதான் இருக்கு. பெட்டியை ஏத்துங்க."

டிரைவர் அண்ணாச்சி பானெட்டுக்குள் அரை நிமிசம் குனிந்தார். பிறகு சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்து, அணைந்தது. நான் தலையை ஆட்டினேன்.

"இன்னைக்கு மட்டும் எப்படி அணைஞ்சுது?" என்றாள் பெரியம்மா பின் சீட்டிலிருந்து.

"குத்தாலம்னா அதுக்கும் ஆசை இருக்காதாம்மா?" என்றார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பி மெதுவாக, "மண்ணெண்ணெய் போட்டுத் தேயி பாப்பா, நகத்துல இன்னும் இருக்கு" என்றார்.

பெரியம்மா, அம்மா, டீச்சர், அத்தை, நான். டிக்கியில் புனலூருக்குப் போக வேண்டிய, பட்டுச்சேலை வைத்த அதே இரும்புப் பெட்டி. அருவிக்கரை முழுக்க எண்ணெய் மசாஜ் வாசனையும் பலாச்சுளை வாசனையும். பெண்கள் பக்கம் அத்தையும் டீச்சரும் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார்கள். அத்தை வெளியே வரவே மாட்டேன் என்றாள். காவல்காரம்மா விசில் ஊதினாள். அப்புறம் ஈரத்தோடு கல்லில் உட்கார்ந்து, சம்பந்தி வீட்டுக்கென்று சுட்ட முறுக்கு டின்னைத் திறந்தோம். அத்தைதான் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தாள். காரடியில் நின்ற அண்ணாச்சிக்கு ஒரு கை நிறைய என்னிடம் கொடுத்துவிட்டாள். ஒரு டின் முழுக்கக் காலி.

திரும்பி வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. எல்லாரும் இறங்கி உள்ளே போனோம். அத்தை மட்டும் தலையில் துண்டோடு வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியப்பா நிலைப்படிக்கு உள்பக்கம் வந்து நின்றார். குற்றாலத்திலிருந்து யார் வந்தாலும் எங்கள் ஊரில் கேட்கிறதைத்தான் கேட்டார்.

"தண்ணி நல்லா விழுதா?"

"விழுதுண்ணே" என்றாள் அத்தை. "நிக்க முடியலை, அந்த அடி."

பெரியப்பா ஒதுங்கி வழி விட்டார். அத்தை உள்ளே வந்தாள்.